வெர்னா முகர்ந்த ஜாடி

ரெட்டிங் நகரத்திலிருந்து வெர்னா திரும்பி வந்தபோது காலை பத்து மணி இருக்கும். பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொட்டகைக்கு நடந்தாள். அவளுக்கு இரண்டடி பின்னால் அவள் கணவன் ஓரின் ஹாஸ்கெட், தீர்ப்புக் கேட்கப் போகிறவனைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

இருபத்தாறு வருஷமாக அந்த மலைச்சரிவில் இருவரும் கஞ்சா பயிரிடுகிறார்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் காட்டுக்குள் ஓடி ஒளிந்த காலத்திலும் சரி, உரிமத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகும் சரி, வேலைப் பங்கீடு மட்டும் மாறவில்லை. செடி மண்ணில் நிற்கும்வரை அது ஓரினுடையது. வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட நிமிஷத்திலிருந்து அது வெர்னாவுடையது. எத்தனை நாள் தொங்க வேண்டும், எப்போது பூவைக் கிள்ளிக் கண்ணாடி ஜாடியில் அடைக்க வேண்டும், மூடியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து காற்று மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் அவள் மூக்குதான் தீர்மானிக்கும். மட்டோல் ஆற்றுப் பக்கத்து விவசாயிகள் தங்கள் ஜாடிகளோடு அவளைத் தேடி வருவார்கள். ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "இதைச் சூடான ரூம்ல காய வச்சிருக்கே. எலுமிச்சையெல்லாம் பறந்துபோச்சு, மிளகுதான் மிச்சம்" என்பாள். வந்தவர் அப்படியே ஒப்புக்கொள்வார்.

இந்த வருஷம் மலைச்சரிவின் கீழடுக்குச் செடிகளை வெட்டித் தொங்கவிட்ட மூன்றாம் நாள், அவள் அக்கா லொரேன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். வெர்னா ரெட்டிங்குக்குப் போய்த்தான் ஆக வேண்டும். "பன்னெண்டு நாள் தொங்கட்டும். காம்பை வளைச்சா பட்டுன்னு ஒடியணும், அதுவரைக்கும் கை வைக்காதே" என்று வண்டியில் ஏறும்போதுகூடச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஆறாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கடலிலிருந்து பனி ஏறிக் கொட்டகைப் பலகையெல்லாம் வியர்த்தது. ஒரு பூவின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்ததாக ஓரினுக்குத் தோன்றியது. பூசணம் என்று நினைத்தவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏழாம் நாளே எல்லாவற்றையும் இறக்கிவிட்டான். காம்பு ஒடியவில்லை, ரப்பர் மாதிரி வளைந்தது. பரவாயில்லை என்று நாற்பது ஜாடிகளில் அடைத்தான். அடைத்த மறுநாள் மேட்டுத் தொட்டிக்குப் போகும் தண்ணீர்க் குழாய் மண் சரிந்து உடைந்தது. மூன்று நாள் அவன் மண்வெட்டியும் கையுமாகச் சரிவிலேயே கிடந்தான். ஜாடிகளின் நினைப்பே வரவில்லை.

நாலாம் நாள் முதல் மூடியைத் திருகியபோது குப்பென்று முகத்தில் அடித்தது நெடி. சுத்தம் செய்யாத குதிரை லாயத்தின் மூத்திர நெடி. அவர்கள் தோட்டத்துப் பூவுக்கென்று ஒரு பெயர் உண்டு. நகம் பட்டுக் கீறிய ஆரஞ்சுத் தோலும் மழையில் நனைந்த பைன் மரமும் சேர்ந்த வாசனை அது. அதற்காகவே ஓக்லாந்து நகரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அது போன இடம் தெரியவில்லை. எல்லாவற்றையும் தட்டில் பரப்பி உலர்த்தி மறுபடி அடைத்தான். லாய நெடி பாதி அடங்கியது. அடியில் நனைந்த வைக்கோல் நாற்றம் மிச்சமிருந்தது.

அப்புறம்தான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். ஒரு கூடை ஆரஞ்சு வாங்கி வந்து, தோலைச் சீவி, ஜாடிக்கு ஒரு துண்டாகப் போட்டு இரண்டு நாள் மூடி வைத்தான். வெர்னா வருவதற்கு முதல் நாள் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக் கோழிகளுக்குப் போட்டான். கோழிகள்கூடத் தொடவில்லை.

வெர்னாவிடமிருந்து தப்ப முடியும் என்று அவன் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. திட்டு எவ்வளவு நேரம் நீளும் என்பதுதான் கணக்கு.

இப்போது அவள் அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தாள். மூடியைத் திருகுவதற்கு முன் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். திறந்து, கண்ணை மூடி, மூக்கை நன்றாக உள்ளே நுழைத்து இழுத்தாள். ஒரு பூவை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கி மறுபடி இழுத்தாள். பிறகு இன்னொரு தடவை அவன் முகத்தைப் பார்த்தாள். ஓரினின் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லா வந்திருக்கு" என்றாள் வெர்னா.

"என்னது?"

"நல்லா வந்திருக்குன்னேன். எதுக்கு இப்படி முழிக்கிறே? பெட்டியை எடுத்து உள்ள வை, குளிருது."

போய்விட்டாள். ஓரின் அந்த ஜாடியைத் திறந்து தானே முகர்ந்து பார்த்தான். லாயம். வைக்கோல். அதன் மேல் மலிவான ஆரஞ்சு மிட்டாய். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முதலில் அவனுக்குத் தோன்றியது, அவள் விளையாடுகிறாள் என்று. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள். ஆரம்பிக்கவில்லை. லொரேனின் இடுப்பைப் பற்றியும் அவள் வீட்டு நாயைப் பற்றியும் பேசினாள். மறுநாள் காலை ஓட்ஸில் பாலை ஊற்றிச் சாப்பிட்டாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஓரினுக்கே பால் திரிந்துபோன புளித்த வாடை தெரிந்தது. அவளோ வாயைத் திறக்காமல் நாலு கரண்டி சாப்பிட்டாள்.

'கெட்டுப்போன பாலைக்கூடப் பேசாமல் விழுங்குகிற அளவுக்குக் கோபம்' என்று ஓரின் நினைத்துக்கொண்டான்.

பிறகு தன் மூக்கின் மேலேயே சந்தேகம் வந்தது. ஒருவேளை நிஜமாகவே நன்றாக வந்திருக்குமோ? அவன் மண்ணைத் தெரிந்தவன், மணத்தைத் தெரிந்தவன் இல்லை. ஒரு ஜாடியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து டுவேன் கிபியிடம் போனான். டுவேன் திறந்து முகர்ந்தவன் ஜாடியைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தான்.

"இதை எந்தக் குதிரைக்கு அடியில வச்சுப் பதப்படுத்தினே?"

"வெர்னா நல்லா இருக்குன்னு சொன்னா."

"வெர்னாவா?" டுவேன் மறுபடி முகர்ந்தான். மூக்கைச் சுருக்கினான். "நம்ம வெர்னாவா?"

"ஆமா."

"திட்டலையா?"

"ஒரு வார்த்தை இல்லை."

டுவேன் வேலிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு குரலைத் தாழ்த்தினான். "கேளு ஓரின். என் முதல் பொண்டாட்டி திட்டறதை நிறுத்தி ரெண்டே மாசத்துல கிளம்பிட்டா. அந்த ரெண்டு மாசம் நான் என்ன செஞ்சாலும் 'நல்லாருக்கு, நல்லாருக்கு'ன்னா. முட்டாப் பய, சந்தோஷமா இருந்தேன்."

வழியெல்லாம் ஓரின் கணக்குப் போட்டான். பத்தொன்பது நாள் ரெட்டிங்கில் இருந்திருக்கிறாள். நாலு நாளுக்கு ஒரு தடவைதான் போனில் கூப்பிட்டாள். கூப்பிட்டபோதும் ஜாடியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. இங்கே இனி அவளுக்கு எதுவும் முக்கியமில்லை என்றால் எல்லாம் பொருந்திப்போகிறது. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் அவனுடைய கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விட்டுப் போகிறவள் காலுறை தைப்பாளா? அதுவும் விளங்கவில்லை. இரண்டு தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். இரண்டு தடவையும் அவள் நிமிர்ந்து அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை ரெனாட்டா கிரோகா வந்தாள். ஓக்லாந்தில் இரண்டு கடைகளுக்குச் சரக்கு எடுப்பவள். ஏழு வருஷமாக வருகிறாள். சேறு அப்பிய பூட்ஸைக் கொட்டகை வாசலில் உதைத்துத் தட்டிவிட்டு, மேசை முன் உட்கார்ந்தாள்.

"வழக்கம்போல நீங்க முதல்ல மோந்து சொல்லுங்க வெர்னா. அப்புறம் நான் பார்க்கறேன். நீங்க சொல்றதைக் கேட்டுட்டு மோந்தாத்தான் எனக்கே அந்த வாசனை பிடிபடுது."

வெர்னா கீழடுக்கு ஜாடியை எடுத்தாள். கண்ணை மூடினாள். "ஆரஞ்சுத் தோல். சுளை இல்லை, தோல். அப்புறம் மழைக்குப் பின்னால பைன். மூச்சை விடறப்போ கடைசியில கொஞ்சம் மிளகு."

போன வருஷம் இதே மேசையில் சொன்ன அதே வார்த்தைகள், ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல். ரெனாட்டா ஜாடிக்குக் கை நீட்டினாள். அவள் முகர்ந்துவிட்டால் கேவலப்படப் போவது அவன் இல்லை, வெர்னா. ஆற்றுப் பக்கம் முழுவதும் பேச்சாகிவிடும்.

அவன் ரெனாட்டாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"திறக்காதீங்க. அது கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன். ஈரத்தோட அடைச்சு மூணு நாள் திறக்காம விட்டுட்டேன். நாத்தத்தை மறைக்க ஆரஞ்சுத் தோல் போட்டேன்."

ரெனாட்டா அவனையும் வெர்னாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வெர்னாவின் முகம் வெளுத்துவிட்டது.

"கெட்டுப்போச்சா?" என்றாள். "எது? இதுவா?"

"எல்லாமே. நாப்பது ஜாடியும்."

வெர்னா ஜாடியைத் தூக்கி மறுபடி மூக்கை நுழைத்தாள். ஒரு தடவை இழுத்தாள், இன்னொரு தடவை இழுத்தாள், மூக்கை அதற்குள் புதைத்துவிடுவதுபோல. பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

ரெனாட்டா மெதுவாக மூடிக்கு மேல் குனிந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "ஐயோ. இதை எப்படி அவங்க..." ஓரின் எழுந்து வெளியே ஓடினான்.

அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. ஒரு கொத்துப் பைன் ஊசிகளைப் பிய்த்துக் கசக்கி முகர்ந்துகொண்டிருந்தாள்.

"வெர்னா."

"ஒண்ணும் வரலை ஓரின். பார், கை முழுக்கப் பிசின். ஒண்ணுமே வரலை."

"என்ன சொல்றே?"

"ரெட்டிங் போன மூணாம் நாள் சளி பிடிச்சுது. சாதாரணச் சளிதான். அது போறப்போ மூக்கையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. ஒரு நாள் லொரேன் கட்டில்லேந்து கத்தறா, 'கேஸ், கேஸ்'னு. நான் அடுப்புக்குப் பக்கத்துலயே நின்னு பாத்திரம் கழுவிட்டிருக்கேன். அடுப்பு அணைஞ்சு கேஸ் வந்துட்டே இருந்திருக்கு. எனக்குத் தெரியலை."

ஓரினுக்குத் திரிந்த பால் நினைவுக்கு வந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லி? என் மூக்குதானே நம்ம தோட்டம்? ரெண்டு நாள்ல வந்துடும், ரெண்டு நாள்ல வந்துடும்னே நாளை ஓட்டிட்டேன். ஜாடியில ஒண்ணும் தெரியலை. அதனால உன் மூஞ்சியைப் பார்த்தேன். இத்தனை நாளா உன் மூஞ்சியைத்தான் மோந்துக்கிட்டிருக்கேன்."

"என் மூஞ்சியில என்ன தெரிஞ்சுது?"

"பயம் தெரிஞ்சுது. நல்லா செஞ்சுட்டுப் பாராட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கே, நான் ஏதாவது குத்தம் சொல்லிடுவேனோன்னு நீ பயப்படறதா நெனச்சேன். கெட்டுப்போயிருந்தா நீயே ஒளறியிருப்பே. இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவையாவது உன்னால எதையாவது மறைக்க முடிஞ்சிருக்கா?"

"இந்தத் தடவை மறைச்சுட்டேனே" என்றான் ஓரின். பிறகு, சொல்ல நினைக்காததையும் சொல்லிவிட்டான். "நீ என்னை விட்டுட்டுப் போகப் போறேன்னு நெனச்சேன். திட்டவே இல்லையே நீ. டுவேன் வேற ஏதேதோ சொன்னான்."

வெர்னா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "டுவேன்கிட்டயா போய்க் கேட்டே? கழுதை. ஆரஞ்சுத் தோல் போடறதுக்கு உனக்கு எவ்வளவு திமிர் இருக்கணும்! நாப்பது ஜாடி! நாப்பது ஜாடியையும் நாறடிச்சுட்டு அதுக்கு மேல மிட்டாய் தடவியிருக்கே!"

திட்டு வந்துகொண்டே இருந்தது. நடுவில் அவள் குரல் உடைந்தது. ஓரின் அவள் பிசின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ரெனாட்டா கீழடுக்கை எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் பிழியும் ஆலைக்குத்தான் அது லாயக்கு என்றாள். பிறகு, குழாய் வேலை முடிந்து ஓரின் வெட்டிய மேலடுக்குச் செடிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருப்பதைப் போய்ப் பார்த்தாள். ஒரு காம்பை வளைத்தாள். பட்டென்று ஒடிந்தது.

"இது பதமானதும் கூப்பிடுங்க" என்று வண்டியில் ஏறினாள். "யார் மூக்குன்னு மட்டும் மறைக்காம சொல்லிடுங்க."

அன்று மாலை வெர்னா கீழடுக்குப் பூவில் கொஞ்சம் சுருட்டிப் பற்றவைத்தாள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அணைத்தாள். "தொண்டையில சூடு தெரியுது, நாக்குல கசப்பு தெரியுது. அவ்வளவுதான். ருசின்னு நாம சொன்னதெல்லாம் நாக்குல இல்லவே இல்லை ஓரின். காகிதத்தைக் கொளுத்திக் குடிச்ச மாதிரி இருக்கு." மேலடுக்கிலிருந்து ஒரு பூவையும் பற்றவைத்துப் பார்த்தாள். இரண்டும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தன. அதுதான் அவளை அதிகம் உலுக்கியது.

மேலடுக்கை இருவருமாக அடைத்தார்கள். விரல் வேலை அவளுடையது. பூவை அழுத்தி, அது நிமிரும் வேகத்தை வைத்து ஈரம் சொன்னாள். ஜாடியைக் காதோரம் குலுக்கி, உள்ளே உரசும் சத்தத்தைக் கேட்டாள். மூக்கு வேலை ஓரினுடையது. அதில்தான் சண்டை.

"என்ன வருது?"

"பச்சையா இருக்கு."

"பச்சைன்னா? வெட்டின புல்லா, உரிச்ச பட்டாணியா, பாசியா?"

"பச்சைன்னா பச்சை!"

"வண்டிக்கு பெயிண்ட் அடிக்கவா கேக்கறேன்? ஒழுங்கா மோந்து சொல்லு."

அவன் இழுத்தான். "பட்டாணி. தோலோட."

"அப்போ இன்னும் ஈரம் இருக்கு. கால் மணி நேரம் திறந்து வை."

ஏழெட்டு ஜாடிக்கு மேல் எல்லாம் ஒரே வாசனையாகக் குழம்பிவிடும். அப்போது அவனுடைய சட்டைக் கையையே முகரச் சொல்வாள். வியர்வையும் சோப்பும் கலந்த தன் வாசனையில் மூக்கு தெளிந்ததும் மறுபடி ஜாடிக்குள் போவான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, ஒவ்வொரு மூடியும். ஒன்பதாம் நாள் காலை, பன்னிரண்டாவது ஜாடியில் பட்டாணி இல்லை. வேறு ஏதோ இருந்தது. அவன் மூடியை வைத்தான், திறந்தான், மறுபடி வைத்தான்.

"என்ன?"

"ஆரஞ்சு மாதிரி இருக்கு. ஆனா ஆரஞ்சு இல்லை. தோலுக்கு உள்பக்கம் வெள்ளையா இருக்குமே, அது. போன மாசம் ஒரு கூடை தோல் சீவினேனே, அப்போ கையில இருந்த வாடை."

"அப்படியா? நிச்சயமா?"

"தெரியலை. அதைத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன், அதனால அப்படித் தோணுதோ என்னவோ."

வெர்னா ஜாடியை வாங்கித் தானும் முகர்ந்தாள், பழக்கதோஷத்தில். ஒன்றும் வரவில்லை. திருப்பிக் கொடுத்தாள். "தெரியலைன்னா மூடி வை. நாளைக்கும் நீ இதையே சொன்னா நம்பறேன்."

மறுநாளும் அதையே சொன்னான். அதற்கு மறுநாள் பைனும் வந்தது.

டிசம்பரில் ரெனாட்டா வந்து, ஓரின் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டுவிட்டு முகர்ந்தாள். இன்னொரு ஜாடியையும் திறந்து பார்த்தாள். "போன வருஷத்தைவிட மெல்லிசா இருக்கு. வேற மாதிரி. ஆனா நல்லா இருக்கு" என்றாள். முழுவதையும் எடுத்துக்கொண்டாள். ஓரின் அன்று முழுவதும் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து முகர்ந்துகொண்டு திரிந்தான். விறகு, சாவி, நாயின் காது எதையும் விடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு வெர்னா சமையலறையிலிருந்து அலறினாள். "ஏதோ எரியுது!" ஓரின் ஓடினான். எதுவும் எரியவில்லை. காபி கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அது டயர் கருகும் நாற்றமாக இருந்தது. முதலில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், மூக்கு வந்துவிட்டதே என்று. பிறகு வெங்காயம் சாக்கடையாக இருந்தது. சோப்பு அழுகிய மீனாக இருந்தது. கைப்பிடி மேலடுக்குப் பூவைத் தங்களுக்கென்று முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். அதை ஆசையாகத் திறந்தவள், ஜாடியைத் தூர நகர்த்திவிட்டுக் கண்ணீர் விட்டாள். மண்ணெண்ணெய் என்றாள்.

யுரீகா நகரத்து டாக்டர், நரம்பு திரும்பி வளரும்போது இப்படித் தப்பும் தவறுமாகக் கோத்துக்கொள்ளும் என்றார். சரியாகலாம், வருஷமாகலாம், இப்படியே நின்றும்விடலாம் என்றார். ரோஜா, கிராம்பு என்று நாலு சின்னக் குப்பிகளைக் கொடுத்துத் தினமும் முகரச் சொன்னார். அவள் முகர்கிறாள்.

கீழடுக்கு ஜாடிகளை ஆலைக்கு ஏற்றிய அன்று அவளும் கூட நின்று தூக்கிக் கொடுத்தாள். ஒன்றின் மூடி சரியாக இறுகவில்லை. அதை இறுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஓரின், இங்க வா. இதுல என்ன வருது உனக்கு?"

அவன் முகர்ந்தான். "குதிரை லாயம். என்ன வரும்?"

அவள் மூக்கை உள்ளே விட்டாள். இழுத்தாள். அவள் தோள் மெல்லத் தளர்ந்து இறங்கியது. இரண்டு மாதத்தில் அவள் எதையும் அப்படி முகர்ந்து ஓரின் பார்க்கவில்லை.

"எனக்கு இது நல்லா இருக்கு" என்றாள் திகைப்போடு.

"கேலி பண்ணாதே."

"சத்தியமா. ரொம்ப நல்லா இருக்கு. உலகத்துல இது ஒண்ணுதான் எனக்கு நல்லா மணக்குது."

"எப்படி மணக்குது? ஆரஞ்சா? பூவா?"

வெர்னா யோசித்தாள். ஆற்றுப் பக்கத்திலேயே வாசனைக்கு வார்த்தை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மறுபடி ஒரு தடவை முகர்ந்தாள்.

"தெரியலை. இது மாதிரி ஒண்ணை நான் மோந்ததே இல்லை."

ஓரினுக்குச் சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. வண்டியில் முப்பத்தொன்பது ஜாடிகளை ஏற்றினான். அந்த ஒன்றை அவள் மார்போடு அணைத்து வீட்டுக்குள் எடுத்துப்போனாள். படுக்கையறை ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். அவள் அதைத் திறக்கும்போதெல்லாம் ஓரின் வராந்தாவுக்குப் போய்விடுகிறான்.